பாண்டி நிக்காரு, பாத்துப் போ

மும்பையில் இத்தனை வருடங்களில் என்னைப் பிடித்த ஒரே டிராஃபிக் போலீஸ்காரர் பாண்டி அண்ணாச்சிதான். அவர் போலீஸே இல்லை. போலீஸ் என்று நம்பிய முட்டாள் நான்.

குற்றம் என் காதுடையது. இந்த ஊரில் கான்ஸ்டபிளைத் தெருவில் ‘பாண்டு’ என்பார்கள். மாட்டுங்காவிலிருந்து தாராவி வழியாக ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிற நான், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொள்ளும் வீரர் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஒரு காலை, பக்கத்தில் பைக்கில் போனவர் தன் கூட்டாளியிடம் கத்தினார்: “ஏல, முன்னால பாண்டி நிக்காரு, பாத்துப் போ!”

என் காதில் ‘பாண்டு’ என்றே விழுந்தது. ஓடுகிற வண்டியிலேயே ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தேன். பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. உலகம் இருண்டது. வண்டி எதிலோ முட்டி நின்றது. விசில் கேட்டது.

“சாப், மாஃப் கரோ! பெஹலி பார்!” என்று இந்தியில் மன்னிப்புக் கேட்டு, இதுதான் முதல் தடவை என்று கும்பிட்டேன்.

“அது கரண்ட் கம்பம்வே. நான் இந்தப் பக்கம் நிக்கேன்.”

ஹெல்மெட்டைத் திருப்பினேன். வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட். போலீஸேதான்.

“தமிழாவே நீரு? இது தலைக்கு வாங்குனதா, முழங்கைக்கு வாங்குனதா?”

அவர்தான் பாண்டி அண்ணாச்சி; பக்கத்துப் பள்ளிக்கூட வாட்ச்மேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே சிக்னல் எந்நேரமும் மஞ்சளில் கண்ணடித்துக்கொண்டிருக்கும். அதனால் காலையில் பிள்ளைகள் ரோடு தாண்ட இவர் விசிலோடு நடுவில் நிற்பார். மாட்டியவர்களுக்கு ஒரே தண்டனைதான்: பிள்ளைகளைக் கைபிடித்து அந்தப் பக்கம் விடவேண்டும். ஆபீசில் பத்துப் பேரை அதட்டுகிற நான் ஹெல்மெட்டோடு நடந்தேன். “அங்கிள், ராக்கெட் சே ஆயே க்யா?” என்று, ராக்கெட்டிலா வந்தீர்கள் எனக் கேட்டது ஒரு வாண்டு.

அசல் பாண்டு ஃப்ளைஓவர் நிழலில் நின்று நம்பர் பிளேட்டைச் செல்போனில் படமெடுப்பார். அபராதச் சலான் மெசேஜாக வரும், யாரும் திறப்பதில்லை. ராங் சைடில் வந்தவன் ராங் சைடிலேயே போவான். அண்ணாச்சிதான் குறுக்கே பாய்வார்: “ஏல, ஒனக்கு மட்டும் தனி ரோடு போட்டுருக்கா?”

ஒருநாள் அப்படி வந்த தண்ணீர் டாங்கரை மறித்தார். டிரைவர் யாருக்கோ போன் போட்டான். அன்றுதான் சட்டம் நிழலைவிட்டு வெயிலுக்கு வந்தது. “போலீஸ் வேஷமா போடுகிறாய்?” என்று அண்ணாச்சியின் விசிலைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்த முக்கில் நடவடிக்கைக்கு ஆளானவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

“விசில் போனா போவுது. கை இருக்குல்லா?” என்றார். நான்கூடச் சிரித்தேன்.

அந்த வாரமே, வெறும் கையைத் தூக்கி நின்றவரை ராங் சைடில் வந்த பைக் தூக்கியெறிந்தது. நல்லவேளை, பிள்ளைகள் அப்போதுதான் தாண்டி முடித்திருந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்து, விக்ரோலியில் மகள் வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வாசலில் கழற்ற மறந்து ஹெல்மெட்டோடு உள்ளே நுழைந்துவிட்டேன். தலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்பதான்வே நேராப் போட்டுருக்கீரு.”

எதற்காகவோ நான் அதைக் கழற்றவே இல்லை.

அவரை இடித்த பைக்கை யாரும் பிடிக்கவில்லை.