லிஃப்ட் அண்ணாச்சியும் ஒரே நாளில் இரண்டு ஆராதனையும்

டெல்லியில் லிஃப்ட் அண்ணாச்சியின் கண்ணில் பட்ட பிறகு எங்கள் சர்ச்சுக்குள் நுழையாமல் தப்பித்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. கிறிஸ்தவர், இந்து, சீக்கியர், நாத்திகர், பக்கத்து வீட்டுக்கு ஏசி ரிப்பேர் செய்ய வந்தவர் என்று எல்லாரும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கையில் பாட்டுப் புத்தகத்தோடு, எங்கே இருக்கிறோம் என்று விழித்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் சபைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பத்துச் சொச்சம் வருஷம் ஒரு மத்திய அரசு கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிறு எங்கள் மெதடிஸ்ட் தமிழ்ச் சபையின் வாசலில் வந்து நின்றார். யாரும் நியமிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. லிஃப்டுக்குள் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று போர்டு இருக்கும். சர்ச்சில் அந்த போர்டு இல்லை என்பதைக் கண்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மெதடிஸ்ட் என்றால் எதையும் ஒரு முறைப்படி செய்கிறவர்கள் என்று அர்த்தம் என்பார் எங்கள் பாஸ்டர். அண்ணாச்சியிடம் இருந்த ஒரே முறை கையைப் பிடித்து இழுப்பது.

நானே அப்படிப் பிடிபட்டவன்தான். நாகர்கோவிலில் பிறந்து, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு விரட்டப்பட்டு வளர்ந்தவன் நான். டெல்லிக்கு வேலை மாற்றலாகி வந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆறுதல், இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம், கேட்க ஆளில்லை என்பதுதான். முதல் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து லுங்கியோடு காய்கறி வாங்கக் கிளம்பினேன். தள்ளுவண்டியில் ஒரு கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்து, "முத்தலா இருக்கே" என்று தமிழில் முனகினேன். செய்த தப்பு அது ஒன்றுதான்.

"தமிழா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா."

"அப்ப வெளிய என்னத்துக்கு நிக்கிய? உள்ள வாங்க."

அப்போதுதான் தள்ளுவண்டி நின்றது ஒரு சர்ச் வாசலில் என்று பார்த்தேன். "இல்ல அண்ணாச்சி, கத்திரிக்காய் வாங்க வந்தேன். லுங்கி வேற கட்டியிருக்கேன்."

"கத்திரிக்காயும் வரட்டும். ஆண்டவர் மட்டும் என்ன, பேன்ட்டா போட்டிருந்தாரு?"

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். மடியில் கத்திரிக்காய், அதன் மேல் வண்டிக்காரர் இலவசமாகக் கொடுத்த கொத்தமல்லி. பக்கத்திலிருந்த அம்மாள் பிரசங்கம் முடியும்வரை கொத்தமல்லியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாதிக் கட்டு அவருக்குக் கொடுத்தேன். அன்று மத்தியானம் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எனக்கு வாய்க்கவே இல்லை.

அண்ணாச்சி ஒரு பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்டதில்லை. ஜெபத்தின்போது கண்ணை மூடியதும் இல்லை. "எல்லாரும் கண்ணை மூடிட்டா வாசலை யாரு பாக்கது?" என்பார். ஏன் இப்படி ஆள் பிடிக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். ஏதாவது உருக்கமான பழைய கதை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வெளிய நின்னா கால் வலிக்கும்லா?" என்றார். அவ்வளவுதான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. உணவு டெலிவரி செய்யும் ஒருவர் முதுகில் பெரிய பையோடு வாசலில் வந்து, பின் தெருவில் ஒரு வீட்டு எண்ணைக் காட்டி இந்தியில் வழி கேட்டார். அண்ணாச்சி நாற்பது வருஷத்துக்கு மேலான டெல்லி வாழ்க்கையில் இந்தியை முழுக்கத் திருநெல்வேலித் தமிழாகவே மாற்றி வைத்திருந்தவர். "பையா, பாஹர் தூப் ஹைலா! அந்தர் பைட்டோ, பானி பியோ" என்று, வெயிலுக்கு உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கச் சொல்லி, அவரை அழைத்துப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்துவிட்டார்.

பாஸ்டர் அப்போது உபவாசத்தின் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பையிலிருந்து பிரியாணி வாசனை மெல்லக் கிளம்பி முதல் வரிசையைப் பிடித்தது. அப்புறம் பாடகர் குழுவைப் பிடித்தது. பாஸ்டருக்கே இரண்டு தடவை வசனம் குழறியது. அந்த நேரம் பார்த்து டெலிவரிக்காரரின் போன் அடித்தது. அவர் பதறி எடுப்பதற்குள் அண்ணாச்சி வாங்கிக் காதில் வைத்து, "சாப், யஹாங் ப்ரேயர் சல் ரஹா ஹை. ஆப்கா கானா சேஃப் ஹை" என்று, ஜெபம் நடப்பதையும் சாப்பாடு பத்திரமாக இருப்பதையும் சொல்லி வைத்துவிட்டார். பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். அந்தத் தவக்காலத்தில் அவருடைய மிகச் சிறந்த பிரசங்கம் அதுதான் என்று பலரும் கைகுலுக்கிச் சொன்னார்கள்.

பிஷப் விஷயம் இதைவிட மோசம். சிறப்புச் செய்தி கொடுக்க வரவிருந்த பிஷப், அங்கியைப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரண அரைக்கைச் சட்டையில் முக்கால் மணி நேரம் முன்னதாக மெட்ரோவில் வந்து இறங்கிவிட்டார். அவரை வரவேற்க மாலையோடு போன கமிட்டி விமான நிலையத்தில் நின்றது. இங்கே அண்ணாச்சி அவர் தோளில் கை போட்டு, உள்ளே அழைத்துப் போய், பாட்டுப் புத்தகத்தில் எப்படிப் பக்கம் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். ஆராதனை தொடங்கும் முன்பே எழுந்து நின்று சபைக்கு அறிவித்தும் விட்டார்:

"ஐயா முதல் தடவையா சர்ச்சுக்கு வாராவ. கொஞ்சம் கூச்சப்படுதாவ. எல்லாரும் ஒரு கை தட்டுங்க!"

பாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. பிஷப்போ அங்கியை மாட்டிக்கொண்டு மேடையேறி, "இத்தனை வருஷ ஊழியத்துல எனக்கு மாலை போட்டிருக்காங்க, குடை பிடிச்சிருக்காங்க. இன்னிக்குத்தான் ஒருத்தர் வாங்கன்னு சொல்லியிருக்கார்" என்றார். அண்ணாச்சி என் காதில், "யாரு வே இது, நல்லா பேசுதாரு?" என்று கேட்டார்.

இப்படி எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்த சபை, ஒரு கல்யாணத்தில் சிரிப்பை நிறுத்தியது. சர்ச்சுக்கு வெளியே ரோட்டில் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டியவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த பதினோரு பேர். நல்ல வெயில். கல்யாணம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, அண்ணாச்சி பதினோரு பேரையும் கை கால் கழுவ வைத்து, முதல் இரண்டு வரிசையில் உட்கார வைத்துவிட்டார். மணப்பெண்ணின் பெரியப்பாக்களும் சித்திகளும் கோட்டும் பட்டுப்புடவையுமாகச் சுவரோரம் நின்றார்கள். பெண்ணின் அப்பா கொதித்துப்போனார்.

"அவங்களும் நம்ம ஆளுவதான சார்? வெயில்ல நிக்காவ" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, என் தங்கச்சியும் நிக்கிறா!" என்றார் பெண்ணின் அப்பா.

அடுத்த வாரமே கமிட்டி கூடியது. எங்கள் கமிட்டிச் செயலாளர் செல்வின் சார், ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் கோப்பு இல்லாமல் அவருக்குக் குடிதண்ணீர்கூட இறங்காது. "அண்ணாச்சி, உங்க அன்பு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒரு சிஸ்டம் வேணும் பாருங்க" என்றார். வரவேற்புக் குழு என்று ஒன்று அமைந்தது. சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் வந்தது. புதிதாக வருகிறவர்கள் நிரப்ப ஒரு படிவம் வந்தது. அண்ணாச்சிக்குக் 'கௌரவ ஆலோசகர்' என்ற பதவியும், கடைசி பெஞ்சில் ஓரத்து இடமும் கிடைத்தன. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வாசலில் நிற்க என்னைப் போட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி மூன்று ஞாயிறு அந்த ஓரத்து இடத்தில் வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பியபடி உட்கார்ந்திருந்தார். பாடவில்லை. ஆராதனை முடிந்து தரும் டீயைக் குடிக்காமலே லக்ஷ்மிபாய் நகரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். நான் பேட்ஜைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்பேன்.

நான்காவது ஞாயிறு, மே மாதம். உள்ளே பாஸ்டர் நீண்ட ஜெபத்தில் இருந்தார். ஒரு பெண் கேட் அருகே வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். வீட்டு வேலை செய்கிறவள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் படிவத்தை நீட்டினேன்.

"எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள்.

"பரவால்ல, நான் எழுதறேன். எந்தச் சபைம்மா?"

"சபையெல்லாம் இல்லீங்க. பஸ்ஸுக்கு நின்னேன். பாட்டு கேட்டுச்சு. தமிழா இருந்துச்சு."

சபை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே செல்வின் சாரைக் கேட்கத் திரும்பினேன். மறுபடி பார்க்கும்போது அவள் இல்லை. அதற்குள் என் தோளை இடித்துக்கொண்டு யாரோ வெளியே பாய்ந்தார்கள். அண்ணாச்சி! எழுபத்தைந்து வயது மனிதர், வெறுங்காலோடு தார் ரோட்டில் பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடினார். பஸ் கிளம்பியது. அந்தப் பெண் உள்ளே இருந்தாள். அண்ணாச்சி படியில் தொற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் செய்தி பரவியது. அண்ணாச்சி கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள் பலர். பெஞ்சுக்கு அடியில் அவர் செருப்பு கிடந்தது. பெஞ்சின் மேல் கண்ணாடியும் போனும் இருந்தன. செல்வின் சாரின் முகம் வெளுத்துவிட்டது. காரை எடுத்துக்கொண்டு லக்ஷ்மிபாய் நகருக்குப் போனார். மகள், "அப்பா சர்ச்லதானே இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். "வெயில்ல எங்கயாவது விழுந்துட்டாருன்னா நான் என்னய்யா பண்ணுவேன்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் ஒரு சர்தார்ஜி. அவர் பக்கத்தில் பாதி வெளியே தொங்கியபடி அண்ணாச்சி, காலில் யாரோ பெண்ணின் இளஞ்சிவப்பு ரப்பர் செருப்பு. பின்சீட்டிலிருந்து ஒவ்வொருவராக ஐந்து பேர் இறங்கினார்கள். அந்தப் பெண்ணும், அவள் தங்கையும், பக்கத்துக் குடிசைக்காரர்கள் மூன்று பேரும்.

மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னத்துக்கு அழுதே? விருந்தாளி வந்திருக்காவ, பாரு" என்றார் அண்ணாச்சி.

விஷயம் இதுதான். பெண்ணின் பெயர் கோவிந்தம்மாள். விழுப்புரம் பக்கம் ஊரில் அவள் அம்மா வியாழக்கிழமை இறந்துவிட்டார். வேலை செய்யும் வீட்டில் விடுப்புக் கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றவள் காதில் தமிழ்ப் பாட்டு விழவும் கால் தானாக வந்திருக்கிறது. பஸ்ஸில் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டபோது, "நாங்க சர்ச்சுக்காரங்க இல்லீங்களே" என்றிருக்கிறாள்.

"நானும் லிஃப்ட்காரன்தாம்மா" என்றிருக்கிறார் இவர். தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவள் சொல்ல, குடிசைவரை கூடவே போய்விட்டார்.

பாஸ்டர் அங்கியைக் கழற்றிவிட்டு டீயில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, ஆராதனை முடிஞ்சிருச்சே" என்றார் தயங்கியபடி.

"அதனால என்ன ஐயா? நீங்க இருக்கிய, பாட்டுப் பொஸ்தகம் இருக்கு, இவியளும் வந்துட்டாவ. இன்னொரு தடவை வச்சிருவோம்."

எல்லாரும் செல்வின் சாரைப் பார்த்தோம். ஒரே நாளில் இரண்டு ஆராதனைக்கு எந்தக் கோப்பிலும் முன்னுதாரணம் இல்லை. அவர் தன் பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். உள்ளே போய் ஒவ்வொரு ஃபேனாகப் போட்டார். டீ வரிசையில் நின்றுகொண்டிருந்த ஆர்கன் வாசிக்கும் பெண்ணைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். டெல்லியிலேயே பிறந்து, தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கிறவள் அவள். "அச்சா அங்கிள், ஆனா டீ?" என்றாள். "டீ அப்புறம்மா" என்றார் செல்வின் சார்.

பாஸ்டர் கோவிந்தம்மாளிடம் அம்மாவின் பெயரைக் கேட்டார். "பச்சையம்மாங்க. நாத்து நட்டுத்தான் எங்கள வளத்துச்சு." அந்தப் பெயரைச் சொல்லி அவர் ஜெபித்தார். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளைகளை வளர்த்த கைகளுக்காக நன்றி என்றார். நாற்று நட்ட கைகள், சோறு போட்ட கைகள் என்றார். கோவிந்தம்மாள் வாய்விட்டு அழுதாள். மூன்று நாளாக அடுத்தவர் வீட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே அடக்கி வைத்திருந்த அழுகை. கொத்தமல்லி வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார். நானும் கண்ணை மூடியிருந்தேன், வேறு காரணத்துக்காக. லேசாகத் திறந்து பார்த்தபோது, அண்ணாச்சி சர்தார்ஜியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கொண்டிருந்தார்.

வரவேற்புக் குழு அன்றோடு கலைந்தது. தீர்மானம் எதுவும் போடவில்லை. மிச்சப் படிவங்களின் பின்பக்கத்தில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் நோவாவின் பேழையை வரைந்தார்கள்.

இப்போது அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் எழுந்து நிற்கிறார், சொன்னால் கேட்பதில்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். டெல்லிப் புகையில் மூச்சு வாங்குகிறது. சென்னைக்கு வந்துவிடுங்கள் அப்பா என்று மகன் வாரா வாரம் போனில் சொல்கிறான். டாக்டர் இங்கேதான் பழக்கம், மெட்ரோ வசதி, வீடு கிடைப்பது கஷ்டம் என்று அவனுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுபத்தெட்டு வயது லிஃப்ட்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடுவார் என்று சொன்னால் அவனுக்கு எப்படிப் புரியும்?