அது பெனால்ட்டி இல்லை

மைத்துனன் சுவரேறிக் குதித்தது முதலிலா, கண்ணாடிக் கடையில் சண்டை நடந்தது முதலிலா என்று கேட்டால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இதைச் சொன்னவர்கள் ஆளுக்கொரு வரிசையில் சொன்னார்கள். ஞாபகமும் தன் இஷ்டத்துக்குச் சரக்கை அடுக்கி வைக்கிற கடைக்காரன்தானே. ஆனால் எல்லாம் தொடங்கியது சாப்பாட்டு மேசையில்தான். அதில் சந்தேகமில்லை. மற்றதெல்லாம் பொருத்தமாகப் பட்ட வரிசையில்.

"அத்தான், இந்த வருஷமும் உங்களுக்கு ஃபைனல் கிடைக்காது போலிருக்கே," என்றான் மைத்துனன், தட்டைப் பார்த்தபடியே.

கண்ணாடிக் கடைக்காரரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"ஏன்டா?"

"சொந்தக்காரன் ஆடுற ஃபைனல்ல விசில் ஊத விடமாட்டாங்களாம். ஃபைனல் யாருக்கும் யாருக்கும்? பஸ் டிப்போவுக்கும் மார்க்கெட்டுக்கும். டிப்போவுக்கு கோல்கீப்பர் யாரு? நான்."

"யார் சொன்னது?"

"விசாரிச்சேன். நம்பகமான இடம்."

அன்று அவர் அதற்கு மேல் சாப்பிடவில்லை.

வார நாட்களில் அவர் ஊராருடைய கண்ணைச் சோதிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கால்பந்து நடுவர்; ஊரார் அவருடைய கண்ணைச் சந்தேகிப்பார்கள். "யோவ், உன் கடைக் கண்ணாடியில ஒண்ணை நீயே போட்டுக்கய்யா!" என்ற குரலைக் கேட்காமல் அவர் ஒரு ஆட்டத்தையும் முடித்ததில்லை. தலை நரைக்கும்வரை மைதானத்தில் ஓடியாயிற்று, ஒரு இறுதிப் போட்டிகூட வாய்க்கவில்லை. அடுத்த வருஷம் வயது வரம்பு வந்துவிடும். இந்த ஒன்றை விட்டால் வேறு இல்லை.

இறுதிப் போட்டிக்கு நடுவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாத சங்கதி. சங்க அலுவலகத்தின் உள்ளறையில் தலைவரும் இன்னும் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். டீ கொண்டுபோகிற அக்கா மட்டும் உள்ளே போய் வருவாள். பிறகு கதவு திறக்கும், ஒரு பெயர் வெளியே வரும். ஓட்டத்தைப் பார்க்கிறார்கள் என்றார் ஒரு நடுவர். தொப்பையைப் பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். லைன்ஸ்மேன் ஒருவர் இருந்தார். நெட்டையாக, ஒற்றைக் காலில் சாய்ந்து கொடி பிடிப்பதால் அவருக்குக் கொக்கு என்று பெயர். சீசன் முழுக்க வாங்கிய வசவைக் கூட்டிப் பார்த்து, குறைவாக வாங்கியவனுக்குக் கொடுக்கிறார்கள் என்பது கொக்கின் கட்சி.

எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று. கேட்டவனுக்குக் கிடையாது. முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் நல்ல நடுவர், தலைவருக்கு முடிவெட்டும்போது காதோடு காதாக, "எப்படிங்க எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டார். அதன்பிறகு அவருக்கு வந்ததெல்லாம் முழங்கால் உயரப் பொடிசுகளின் ஆட்டம்தான்.

ஆகவே கண்ணாடிக் கடைக்காரர் யாரையும் கேட்கவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஃபைனல் முடியறவரைக்கும் நீ இந்தப் பக்கம் வராதே. நமக்குள்ள சொந்தம் இருக்கறதே யாருக்கும் தெரியக்கூடாது."

மைத்துனன் தலையாட்டினான். அவன் அக்காள் ஆட்டவில்லை.

"என் தம்பி என் வீட்டுப் படியேறக் கூடாதா? விசில் பெரிசா, என் தம்பி பெரிசா?"

கண்ணாடிக் கடைக்காரர் பதில் சொல்ல யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. அந்த நிமிஷத்திலிருந்து மனைவி பேச்சை நிறுத்தினாள். பாத்திரங்கள் பேசின. கதவுகள் பேசின. அந்த வீட்டில் சில மௌனங்களுக்குச் சத்தம் உண்டு, சுவரில் ஆணி அடிப்பது போல.

அக்காள் சமையலை விட முடியாத தம்பி, மூன்றாம் நாள் சாயங்காலம் பின்பக்கச் சுவரில் ஏறினான். கோல்கீப்பர் அல்லவா, தாவுவதில் குறையில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"திருடன்! திருடன்!"

தெருவே திரண்டது. யாரோ துடைப்பத்தை ஓங்கினார்கள். அப்போது மனைவி வாசலுக்கு ஓடிவந்து, மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்:

"அடிக்காதீங்க! என் கூடப்பிறந்த தம்பி! இவருக்கு மச்சான்! டிப்போ டீம் கோல்கீப்பர்!"

அதுவரை தெரியாமலிருந்த இரண்டொருவருக்கும் தெரிந்துபோயிற்று.

"போச்சு," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"ஒண்ணும் போகலை அத்தான்," என்றான் மைத்துனன், முழங்கையைத் தேய்த்துக்கொண்டு. "சொந்தம் இருந்தா என்ன? முகத்துல முழிக்காத சொந்தம்னு காட்டிட்டா?"

அப்படித்தான் கடையில் சண்டை ஏற்பாடாயிற்று. கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து மைத்துனன் வந்தான். ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, எதிரே இருந்த எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

"நீயெல்லாம் ஒரு கோல்கீப்பராடா?" என்று தொடங்கினார் கண்ணாடிக் கடைக்காரர். பேசி வைத்த வசனம் அதுவரைதான். ஆனால் வாய் சூடாகிவிட்டது. "ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு ரிவர்ஸ் சொல்ற மாதிரியில்ல நிக்கிற!"

மைத்துனனுக்குச் சுருக்கென்றது. "நீங்க மட்டும்? ஆஃப்சைடு கொடி தூக்கினா, காக்கா விரட்டறாங்கன்னு நினைக்கிற ஆளுதானே!"

"என் சோத்தைத் தின்னுட்டு..."

"அது எங்க அக்கா ஆக்கின சோறு!"

நடிப்பு எங்கே முடிந்தது, நிஜம் எங்கே தொடங்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை. மைத்துனன் கையை வீசினான். எழுத்துப் பலகை சரிந்து தலைகீழாகத் தொங்கியது.

"தம்பி," என்றார் பெரியவர், ஒரு கண்ணை மூடியபடியே. "திடீர்னு ஒண்ணுமே புரியலையே. பவர் ஏறிடுச்சா?"

மாலையில் கொக்கு வந்தார். சங்கதி கடைவீதி முழுக்கப் பரவியிருந்தது. வழக்கம்போல ஒரு காலில் சாய்ந்து நின்றார்.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்டே? சொந்தம்னா நீ சாதகமா ஊதுவேன்னு சங்கத்துக்குப் பயம். பகைன்னா பழி வாங்குவேன்னு பயம். ரெண்டாவதுதான் பெரிய பயம்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"நான் என்னத்தைச் சொல்ல? நான் லைன்ஸ்மேன். கொடியைத் தூக்குவேன். முடிவு உன்னுது."

கொக்கு போனபிறகு அவர் எழுத்துப் பலகையை நேராக மாட்டினார். மேசையில் யாருடையதோ ஒரு கண்ணாடி, காதில் மாட்டும் காம்பு ஒன்று வளைந்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்து மூக்கில் வைத்தார். உலகம் சாய்ந்தது. மறுபக்கக் காம்பையும் அதே அளவு வளைத்தார். உலகம் நேரானது.

குதித்து எழுந்தார். ஒரு அணியில் சொந்தம் இருந்தால்தானே குற்றம்? இரண்டு அணியிலும் இருந்துவிட்டால்?

மார்க்கெட் அணிக்குக் கோச் பேக்கரிக்காரர். அவருக்கு ஒரு மகள், கல்லாவில் உட்காருகிறவள். மைத்துனனுக்கோ கல்யாண வயது.

வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொன்னார். பல நாள் மௌனம் பட்டென்று உடைந்தது.

"இப்பதான் நீங்க மனுஷன் மாதிரி பேசறீங்க!"

மைத்துனனைக் கூப்பிட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு இப்பக் கல்யாண யோசனையே இல்லை அத்தான். அந்தப் பொண்ணை நான் சரியாப் பார்த்ததுகூட இல்லை." பெருமூச்சு விட்டான். "உங்க ஃபைனலுக்காகன்னா... சரி. என்ன பண்றது."

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "தியாகிடா நீ," என்று அவன் தோளை அழுத்தினார்.

ஆனால் பேக்கரிக்காரரிடம் யார் பேசுவது? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு அரையிறுதியில், கடைசி நிமிஷத்தில், மார்க்கெட் அணிக்கு எதிராகக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பெனால்ட்டி கொடுத்தார். பந்து கையில் பட்டது என்றார் அவர். தோளில் பட்டது என்றார் பேக்கரிக்காரர். டிப்போ ஜெயித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டாருக்கு அந்த பேக்கரியில் ஒரு துண்டு ரொட்டி கிடையாது.

கணவனும் மனைவியும் போனபோது பேக்கரியில் நல்ல கூட்டம்.

"ரொட்டி இல்லை," என்றார் பேக்கரிக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் ரொட்டி அடுக்கியிருந்தது.

"ரொட்டிக்கு வரலைங்க. உங்க பொண்ணை எங்க தம்பிக்குக் கேட்க வந்தோம்," என்றாள் மனைவி.

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டினார். மனைவியைப் பார்க்கவில்லை, கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார்.

"பொண்ணு விஷயம் அப்புறம். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அது பெனால்ட்டியா?"

உள்ளே அடுப்பு லேசாக உறுமிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் அந்தப் பந்தை மறுபடி பார்த்தார். எத்தனையோ தடவை படுக்கையில் கிடந்து பார்த்த பந்துதான். கையில்தான் பட்டது. பட்டது என்றுதான் நினைத்தார். நடுவனுக்குச் சொத்து என்று என்ன இருக்கிறது? ஒரு விசில், அதை ஊதியபிறகு பின்வாங்காத ஒரு வாய். இன்றைக்கு ஒன்றைத் தப்பு என்றால், ஊதிய மற்றதெல்லாம் வரிசையாக எழுந்து நின்று, அப்போ நான், நான் என்று கேட்காதா? ஆனால் அந்தப் பக்கம் ஒரு இறுதிப் போட்டி நின்றது. வாழ்நாளில் ஒன்றே ஒன்று.

மனைவி அவர் விலாவில் இடித்தாள்.

"இல்லை," என்றார்.

"காதுல விழலை."

"அது பெனால்ட்டி இல்லை!"

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். "இதைத்தானேய்யா மூணு வருஷமா நாங்க கத்தறோம்!" என்றது ஒரு குரல். கல்லாவில் இருந்த மகள் கீழே எதையோ எடுப்பதுபோல் குனிந்துகொண்டாள்; அவள் தோள் குலுங்கியது. பாவம், சபையில் பெண் கேட்டதில் அழுகிறாள் என்று கண்ணாடிக் கடைக்காரர் சங்கடப்பட்டார்.

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரரின் கறுப்புச் சட்டை மாவு பட்டு வெள்ளையானது.

"இந்த ஒரு வார்த்தைதான் வேணும்னு இருந்தேன், சம்பந்தி! ஏம்மா, உனக்குச் சம்மதம்தானே?"

"நீங்க சொன்னாச் சரிப்பா," என்றாள் மகள், குனிந்தபடியே.

அந்த வாரமே நிச்சயம் நடந்தது. கண்ணாடிக் கடைக்காரர் முன்னின்று, வழியில் பார்த்தவரையெல்லாம் நிறுத்தி, தனக்கு இரண்டு அணியிலும் சொந்தம் என்று சொல்லி வைத்தார். மறுவாரம் உள்ளறைக் கதவு திறந்தது. தலைவர் பெயரை வாசித்தார். கண்ணாடிக் கடைக்காரர்.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "சமன் ஆயிடுச்சு. அதான் விஷயம். சமன்!"

இறுதிப் போட்டியில் மார்க்கெட் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டு பக்கமும் அவரை ஒரே அளவு திட்டினார்கள். அதையும் அவர் சமன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். அத்தோடு ஓய்வு பெற்றார். கொக்கின் முட்டி தேய்ந்து, இப்போது இரண்டு காலிலும் நிற்கிறார். முடிவெட்டும் கடைக்காரர் இன்னும் பொடிசுகளுக்குத்தான் ஊதுகிறார். டீச்சரம்மா பின்பக்கச் சுவர்மேல் ஒரு கண் வைத்தே இருக்கிறார். பேக்கரிக்காரர் சம்பந்தி வீட்டுக்குத் தினம் ரொட்டி அனுப்புகிறார், காசு வாங்குவதில்லை. மைத்துனனுக்குக் கல்யாணம் விமரிசையாக நடந்தது.

அந்தக் கல்யாணப் பந்தியில் கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்தில் சங்க அலுவலகத்து டீ அக்கா உட்கார்ந்தாள். ஓய்வு பெற்றாயிற்று, இனிமேல் கேட்டால் என்ன என்று அவருக்குத் துணிச்சல் வந்தது.

"ஏன்க்கா, உள்ளே எப்படித்தான் ஆளை எடுக்கறாங்க? சொந்தம், பகை எல்லாம் அலசிப் பார்ப்பாங்களோ?"

"அதெல்லாம் யாருங்க பார்க்கறாங்க? எல்லார் பேரையும் துண்டுக் காகிதத்துல எழுதி, காலி டம்ளர்ல போட்டு நீட்டுவாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுப்பேன், அவ்வளவுதான்." டீ அக்கா மணமேடையைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க மச்சான் போன வருஷமே வந்து கேட்டப்ப இதைத்தானே சொன்னேன், அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பொண்ணும் கூடத்தானே நின்னுச்சு!"