ஐந்தாம் நம்பர் கிளாஸும் பெரியப்பாவின் முழங்கால்களும்

ஷத்தோ பெகாஸ்,
பூர்.
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய ரெய்மோன் பெரியப்பா அவர்களுக்கும், அவர்களுடைய இரண்டு முழங்கால்களுக்கும், தம்பி மகன் பஸ்தியான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஒதெத் பெரியம்மாவும் நாய் ப்ரூனோவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாக்ஸ் ஊர் வெந்நீரும் சேறும் தங்கள் முழங்கால்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, வலது கால் இன்னும் படியேறும்போது சத்தம் போடுகிறதா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வைத்திய விடுதியில் கேட்டால், ஐயா போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார் என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். கையால் ஒரு முழுக் கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை, கட்டைவிரலால் தட்டியே வளர்ந்தவன், பேனா பிடித்தால் மணிக்கட்டு இழுக்கிறது, எழுதியதை அழிக்கப் பொத்தானும் இல்லை, அனுப்பிய பிறகு நீக்கவும் முடியாதாம். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரை பழையபடிதான் ஒழுகுகிறது, கூடுதலாக இல்லை. ஷத்தோ என்று பெயரில் மட்டும் கோட்டையாக இருக்கும் வீட்டுக்கு இதுவே பெரிய விஷயம். குளியலறைக் குழாயில் சின்னக் கோளாறு, அதனால் பெரியம்மா தன் தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறார், கவலைப்பட ஒன்றுமில்லை. நல்ல செய்திகள் இவ்வளவுதான்.

பெரியப்பா, நீங்கள் கிரீடம் வைத்துக்கொண்டு சொன்ன தீர்ப்பை நான் மறக்கவில்லை. ஜனவரியில் பாதாம் கேக் வெட்டியபோது, உள்ளே ஒளித்து வைத்த பீங்கான் பொம்மை உங்கள் பல்லில்தான் மாட்டியது, அப்படியானால் இந்த வருடத்து ராஜா நீங்கள்தான் என்று பெரியம்மா தங்கக் காகிதக் கிரீடத்தை உங்கள் தலையில் வைத்தார், நீங்கள் அதைக் கழற்றாமலேயே பேச ஆரம்பித்தீர்கள். சிவப்பு ஒயினை இப்போது யாரும் குடிப்பதில்லை, திராட்சைக் கொடியைப் பிடுங்கினால் அரசாங்கமே பணம் தருகிறது, கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிய மால்பெக் திராட்சைத் துண்டைக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றீர்கள். நான் கேக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். ஐம்பத்தாறாம் வருடத்து உறைபனியில் இந்தச் சரிவு முழுக்கச் செத்தபோது, அந்தச் சுவரின் மறைவில் ஒண்டிக்கொண்டு பிழைத்தது அந்த ஒரு துண்டுதான் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே. போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தே ஒயின் கற்றுக்கொண்டவன் நான், பென்சில் சீவலையும் ஈரக் கல்லையும் மழையில் நனைந்த ப்ரூனோவையும் மாற்றி மாற்றி மோந்து மூக்கைப் பழக்கியவன், எனக்கென்று சொந்தம் கொண்டாட உலகத்தில் இருக்கும் ஒரே ஒயின் அது. மூன்று திராட்சை ஒயினையும் கலந்து நாம் போடும் கலவையில் மெர்லோதான் உடம்பு, கபெர்னே எலும்பு, ஆனால் அந்த ஒரு கை மால்பெக்தான் முகம், அது இல்லாவிட்டால் நம் பாட்டிலுக்கும் பெட்ரோல் பங்க்கில் விற்கும் பாட்டிலுக்கும் வித்தியாசம் லேபிளில் மட்டும்தான் இருக்கும் என்று என் வீடியோ சேனலில் எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். கேட்டவர்களில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள் என்பது வேறு விஷயம்.

அதையெல்லாம் அன்றைக்கும் கத்தினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்:

“சரிடா. கலவை போடுற அன்னிக்குப் பேர் தெரியாம குடிச்சுப் பாரு. மேஜையில உக்காந்தவங்க வேணும்னு சொன்னா கொடி இருக்கும், வேணாம்னா போகும். நானும் கட்டுப்படுறேன், நீயும் கட்டுப்படணும்.”

கட்டுப்படுகிறேன் என்று கையடித்துச் சத்தியம் செய்தேன். என் மூக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீங்கள் தாக்ஸுக்குக் கிளம்பிய மறுநாள் திங்கட்கிழமை கலவை போட உட்கார்ந்தோம். நான் பக்கத்தில் இருந்தால் பஸ்தியான் ஒயினை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பான் என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்களாம். சமையலறை மேஜையில் நான், எதிரே லிபோர்னிலிருந்து வந்த ஒயின் நிபுணர் ஃபப்ரிஸ், கழுத்தில் வழக்கமான மப்ளர். பெரியம்மா பின்கட்டில் யாருக்கும் தெரியாமல் ஊற்றி, நம்பர் ஒட்டிய ஆறு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். ஐந்து நம்முடையது, ஒன்று வழக்கம்போல வெளியாள் வீட்டு ஒயின், நாம் கடற்கொள்ளையன் என்று கூப்பிடுவோமே, அது. ஜன்னல் வழியாக நல்ல வெயில் கிளாஸ்களில் விழுந்து நிறமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, நான் போனைப் பழக்கூடையில் சாய்த்து வைத்து நேரலையைப் போட்டுவிட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாம் நம்பரை வாயில் வைத்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெரியப்பா. வயலட் பூ, உலர்ந்த பிளம், பள்ளிக்கூட மை, இதுதான் நம்ம மால்பெக், இது நம்ம குடும்ப ரத்தம் என்றேன். உண்மையிலேயே ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டது, நேரலையில் தெளிவாகத் தெரிகிறது. மால்பெக் பிழைத்துவிட்டது என்ற தைரியத்தில், இனி கடற்கொள்ளையனைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று ஒவ்வொன்றாக மோந்துகொண்டே வந்தேன். ஐந்தாம் நம்பரில் மூக்கை விட்டதும் மாட்டினான் என்று நினைத்தேன். முகம் கொடுத்துப் பேசாத ஒயின். துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. எழுந்து நின்று, கேமராவைப் பார்த்து, வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறந்த பேச்சைப் பேசினேன்.

“இது நம்ம மண்ணே இல்ல. நனைஞ்ச நாய். கதவு சாத்தி வெச்ச சர்ச். போன வருஷத்துச் செருப்பு. நூத்துக்கு நாப்பது போடலாம், அதுவும் கிளாஸ் நல்லா இருக்குறதுக்காக.”

ஃபப்ரிஸ் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர், ஆனால் இந்தத் தடவை மப்ளரும் சேர்ந்து ஆடியது. பெரியம்மா மட்டும் நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா என்று கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன், இது கலவைக்குள் வரவே கூடாது என்றேன். ஃபப்ரிஸும் வேண்டாம் என்றார். பெரியம்மா எந்தப் பக்கமும் சொல்லவில்லை. சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, கிளாஸ்களைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தார். இரண்டாம் நம்பர், பக்கத்து வீட்டு கப்தேவியல். ஐந்தாம் நம்பர், மால்பெக்.

அந்த நேரம் பார்த்து மேஜைக்கு அடியிலிருந்து ப்ரூனோ எழுந்து வந்து உடம்பைச் சிலுப்பினான், எங்கள் எல்லார் மேலும் தண்ணீர் தெறித்தது. எங்கேயோ மழையில் நனைந்துவிட்டு வந்து அடியிலேயே படுத்திருந்திருக்கிறான். நான் பாய்ந்து அவனைப் பிடித்துக்கொண்டு, நனைந்த நாய் வாசனை கிளாஸிலிருந்து வரவில்லை, இவனிடமிருந்துதான் வந்தது, தீர்ப்பு செல்லாது என்று வாதாடினேன். ஃபப்ரிஸ் மப்ளரைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“நாய் ஆறு கிளாஸுக்கும் பொதுவாத்தானே படுத்திருந்துச்சு, தம்பி.”

நான் ப்ரூனோவை விட்டுவிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுவிட்டான். இத்தனை வருடமாக மால்பெக்கைப் பற்றி நல்லவிதமாகப் பேசி யாரும் சீந்தாத சேனல், அதைத் திட்டிய ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. நனைந்த நாய், சாத்திய சர்ச் என்று ஜனங்கள் அதற்கு இசை போட்டு ஆடுகிறார்கள். கேட்டுக்கு வெளியே கார் நிறுத்தி நாய் ஒயின் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். போர்தோவிலிருந்து ஒரு உணவகக்காரர், இருக்கிற அத்தனையையும் எடுத்துக்கொள்கிறேன், வருடாவருடம் வேண்டும் என்றார். இருப்பதோடு சரி, கொடியைப் பிடுங்கப்போகிறோம் என்றேன். அப்படியானால் இன்னும் நல்லது, கடைசிச் சரக்கு என்று சொல்லியே விற்கலாம் என்றார். போனை வைத்துவிட்டேன்.

வேலியோரம் மருந்தடித்த நாளிலிருந்து உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத கப்தேவியல், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நம் முற்றத்தில் கால் வைத்தார். கையில் குழாய் வைத்த அட்டைப்பெட்டி ஒயின், அவர் மெஷின் வைத்து அறுவடை செய்கிற அதே மெர்லோ. அதை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் சொன்னார்:

“குடும்ப ரத்தம் தீந்துபோச்சுன்னா கூச்சப்படாம வா தம்பி. நம்ம வீட்ல பெட்டி பெட்டியா இருக்கு.”

பெரியம்மா அவருக்குக் காபி வேறு கொடுத்து அனுப்பினார். பெட்டியை நான் திறக்கவில்லை. திறந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் தாங்கவில்லை.

நேற்று காலை பொக்லைன் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓட்டி வந்தவர் நல்ல மனுஷன், வேலையை ஆரம்பிக்கும் முன் கல்லறைச் சுவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். இந்த வருடம் முழங்கால் வலியில் நீங்கள் அந்தத் துண்டை மட்டும் குச்சிகளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்டிருந்தீர்கள் அல்லவா, அதனால் ஒவ்வொரு கொடியையும் தூக்கும்போது, பரட்டைத் தலையைப் பிடித்துத் தூக்கியது போல இருந்தது. வேர்கள் வந்துகொண்டே இருந்தன. இவ்வளவு குட்டையான கொடிக்கு இவ்வளவு நீள வேரா என்று ஓட்டுநரே இறங்கி வந்து பார்த்தார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. இப்போது ரோட்டில் நின்றால் சுவரும் அதற்குப் பின்னால் ஆறும்தான் தெரிகிறது, நடுவில் ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லவில்லை, சேனலிலும் போடவில்லை. மண் கிளம்பியபோது ஒரு வாசனை வந்தது. கதவு சாத்தி வைத்த சர்ச். ஈரக் கல், பழைய தோல். ஐந்தாம் நம்பர் கிளாஸில் இருந்த அதே வாசனை, நாயை மட்டும் கழித்துவிட்டால் அச்சு அசலாக அதே வாசனை. இது நம்ம மண்ணே இல்லை என்று நாடு முழுக்கக் கேட்கச் சொன்னேனே, அந்த மண். சுவரில் உட்கார்ந்துவிட்டேன் பெரியப்பா. பேர் தெரிஞ்சு குடிச்சபோதெல்லாம் நான் குடிச்சது பேரைத்தான்.

ஆகையால் பெரியப்பா, மன்னித்துவிடுங்கள். நீங்கள் என்னை நம்பிப் போனீர்கள், ஐம்பத்தாறின் பனி கொல்லாததை நான் ஒரே வாயில் கொன்றுவிட்டேன். எவ்வளவு திட்ட வேண்டுமோ அவ்வளவும் திட்டுங்கள், சேனலை மூடச் சொன்னால் மூடுகிறேன், மறுபடி போன் ரிப்பேருக்கே போகச் சொன்னால் போகிறேன், ஆனால் சேற்றுக் குளியலை மட்டும் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், முழங்கால் முக்கியம்.

விடுதியில் உங்களோடு சீட்டாடும் பெரியவர்களுக்கு என் வணக்கம். வெந்நீர் அளவான சூட்டில் வரட்டும், சேறு இதமாக இருக்கட்டும், தங்கள் மூட்டுகள் எண்ணெய் போட்ட கதவைப் போலத் திறந்து மூடட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பாவப்பட்ட தம்பி மகன்,
பஸ்தியான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பெரியம்மா கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மன்னிப்பு எதுக்குடா கேக்குற? நவம்பர்லயே கையெழுத்துப் போட்டாச்சு, பொக்லைனுக்கு நாளும் குறிச்சாச்சு. அந்தத் துண்டை மட்டும் கவாத்து பண்ணாம விட்டாரே, அதைப் பாத்துமா உனக்குப் புரியல? பிடுங்கப்போற கொடிய எவன்டா கவாத்து பண்ணுவான்?”

அப்புறம் எதற்கு கிளாஸ், எதற்கு சத்தியம் என்று கேட்டேன். உங்களுக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லையாம், நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு வலிக்காது என்று நினைத்தீர்களாம். நான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

“அதை அவரு யோசிக்கல. நான் யோசிச்சேன். அன்னிக்கு அப்படி வெயில் அடிச்சுதே, நாய் எப்படி நனைஞ்சுதுன்னு நினைச்ச?”

சரி, முழங்கால் என்ன ஆயிற்று என்றேன். பெரியம்மா மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

“முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின் சத்தம் காதுல விழக் கூடாதுன்னுதான் போனாரு.”

எனவே, மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முழங்கால்களுக்குச் சொன்ன விசாரிப்பையும்தான். குளியலறைக் குழாயிலும் ஒரு கோளாறும் இல்லை. கொடி போகும் என்று தீர்ப்பான திங்கட்கிழமை சாயங்காலமே, நீங்கள் வெட்டாமல் விட்ட நீளக் குச்சிகளில் நல்லதாகப் பார்த்து வெட்டி, கட்டுக் கட்டாக, ஈர மணல் போட்டு உங்கள் குளியல் தொட்டியில் படுக்க வைத்திருக்கிறேன். சத்தியம் கொடிக்குத்தான், குச்சிக்கு இல்லை. நர்சரியில் ஒட்டுக்கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மெர்லோ வரிசைகளில் செத்துப்போன இடமெல்லாம் பொக்கையாகத்தானே கிடக்கிறது, அங்கே நட்டுவிடுவேன். இதை உங்களிடம் மறைக்க நினைத்தேன். இனி எதற்கு மறைக்க வேண்டும்.

சத்தம் நின்றுவிட்டது, பெரியப்பா. நீங்கள் வரலாம். வரும்போது அங்கேயே குளித்துவிட்டு வாருங்கள்.