இரண்டு பேருக்கான மறைவில் மூன்றாவது ஆள்

ஓய்வு பெற்ற மனிதனிடம் யாரும் ஆலோசனை கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் அவன் தருவான் என்பது வேறு விஷயம். கேட்டுவிட்டாலோ, கூடவே புறப்பட்டும் வந்துவிடுவான்.

நான் தெற்கு லண்டன் கவுன்சில் ஒன்றில் வேலைத்தலப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். ஏணியில் ஏறுவது எப்படி என்று, பிறந்ததிலிருந்து ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும் பெயின்ட்காரர்களுக்கு அரைநாள் வகுப்பு எடுத்திருக்கிறேன். (அவர்கள் கொட்டாவி விட்டதைப் பதிவேட்டில் எழுத இடம் இருக்கவில்லை.) ஓய்வு பெற்ற பிறகு நோர்பரியிலுள்ள எங்கள் வீட்டில் இந்த அறிவைச் செலுத்த வழியில்லாமல் இருந்தேன். கேத்தலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதுவரை நான் சொல்லி முடித்துவிட்டதால், என் மனைவி மனோ என்னை அடுப்படிக்குள் விடுவதை நிறுத்தியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பேத்தி மதுரா வந்து கேட்டாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. வீட்டில் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். ஏதாவது தேவைப்பட்டால் மட்டும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் வரும்.

"அம்மப்பா, எனக்கு ஒரு ஹெல்ப் வேணும். புறாச் சுடப் போறதுக்கு என்னென்ன சாமான் வேணுமெண்டு சொல்லுவியளே?"

அவளுடைய பள்ளித் தோழியின் தகப்பன் கிரகாம், குரொய்டனில் பல் வைத்தியர். சனிக்கிழமைகளில் கென்ட் பக்கம் ஒரு கமக்காரரின் வயலில் பயிரைத் தின்னும் காட்டுப்புறாக்களைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. சொந்த மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அவருக்கு ஆசை. மகளோ முட்டைகூடச் சாப்பிடமாட்டாள். அந்த வெற்றிடத்துக்கு மதுரா தானாகவே விண்ணப்பித்திருக்கிறாள். வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் திடலுக்கு அவளை இரண்டு மூன்று தரம் கூட்டிப்போய்ப் பார்த்த கிரகாம் சொன்னாராம்: "உன்னிடம் பொறுமை இருக்கிறது. ஒரு நாள் வயலுக்கு வா. சரிவந்தால் இந்தப் பருவம் முழுவதும் அந்த இருக்கை உனக்குத்தான்."

மதுரா வகுப்பில் கை உயர்த்தாத பிள்ளை. கோயிலில் வீணைக் கச்சேரிக்கு ஏற்றியபோது மேடையில் அழுத பிள்ளை. அவள் தானாகப் போய்க் கேட்டு வாங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு இருக்கைதான். அது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது.

அவளுடைய தாய், அதாவது என் மகள் சுகந்தி, முதலில் முடியவே முடியாது என்றாள். எங்கள் வீட்டில் துவக்கு, துப்பாக்கி என்ற சொற்களுக்கு விளையாட்டு என்ற அர்த்தம் ஒருபோதும் இருந்ததில்லை. துவக்கிலிருந்து தப்பி வந்த குடும்பம், காசு செலவழித்துக் கார் ஏறி, துவக்கைத் தேடிப் போவதா? ஒரு கிழமை வாக்குவாதத்தின் பின் இறங்கி வந்தாள்.

"அப்பா, நீங்கள் கூடப் போறதெண்டா விடுறன். இல்லாட்டி இல்லை."

நான் கூடப் போவதென்று முடிவாகிவிட்ட பிறகு, அது என் திட்டமாகிவிட்டது.

வேட்டைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு உண்மையில் தேவையானவை சொற்பம். மங்கலான பச்சையோ மண்ணிறமோ உடுப்பு, ஈரம் புகாத சப்பாத்து, முகத்தை மறைக்க மெல்லிய வலைத்துணி, கையுறை, நல்ல காதுமூடி, சுடச்சுட ஏதாவது குடிக்க ஒரு பிளாஸ்க். சட்டம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில். மிச்சமெல்லாம் அசையாமல் இருக்கத் தெரிவது.

நான் வாங்கியவற்றை மதுராவின் முதுகுப்பையில் அடுக்கியபோது பை தானாக நின்றது. முதலுதவிப் பெட்டி, அதற்கு உபரியாக இன்னொரு முதலுதவிப் பெட்டி, திசைகாட்டி (வயல் மோட்டர்வேக்குப் பக்கத்தில்), விசில், தகரத்தாள்போல் மினுங்கும் போர்வை, மட்டன் ரோல்ஸ், இருட்டிலும் பளீரென்று தெரியும் மஞ்சள் மேற்சட்டை.

"அம்மப்பா, புறாக்குக் கண் தெரியும்," என்றாள் மதுரா.

"தெரியட்டும். உன்னை மனுசருக்கும் தெரியோணும்."

இதோடு விதிகள். துவக்கு எப்போதும் தோட்டா ஏற்றியிருப்பதாகவே நினை. குழலை ஆளுக்கு நேரே திருப்பாதே. சுடுமுன் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார். சுடும் ஆளை எவரும் தொடக் கூடாது. கடைசி விதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவளை இரண்டு முறை ஒப்புவிக்கச் சொன்னேன். அவளும் ஒப்புவித்தாள்.

சனிக்கிழமை காலை கிரகாம் காரில் வந்தார். மெலிந்த மனிதர். வாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறவுங்கள் என்று சொல்லும் அதே மென்மையான குரலில்தான் எல்லாவற்றையும் சொல்வார். மஞ்சள் மேற்சட்டையைப் பார்த்து, "அருமையான யோசனை. அது காரிலேயே இருக்கட்டுமே," என்றார். விசிலும் காரில் இருந்தது. திசைகாட்டியும் காரில் இருந்தது. ரோல்ஸ் மட்டும் வயலுக்கு வந்தது.

பட்டாணி அறுத்து முடிந்த வயல். வேலியோரம் நாலு கம்பு நட்டு, பச்சை வலை கட்டி, மேலே இலை சொருகி ஒரு மறைவு செய்தார். முன்னால் வயலில் பிளாஸ்டிக் புறாக்களை லாடம்போல் வளைத்து வைத்து, நடுவில் இடம் விட்டார். உண்மைப் புறா, கூட்டம் மேய்கிறதென்று நம்பி அந்த வெற்றிடத்தில் இறங்க வரும். (நாங்களும் தோர்ண்டன் ஹீத்தில் எந்தக் கடையில் சனம் நிற்கிறதோ அந்தக் கடைக்குள்தான் போவோம். புறாவைக் குறை சொல்ல முடியாது.)

அந்த மறைவு இரண்டு பேருக்கானது. நான் மூன்றாவது முக்காலியோடு பின்னால் இடித்துக்கொண்டு இருந்தேன்.

கிரகாம் சிறிய பஞ்சுக் காதடைப்பான்கள் இரண்டை எனக்கு நீட்டினார்.

"வேண்டாம், நன்றி. நான் வெறும் பார்வையாளன்தானே," என்றேன்.

மதுராவின் காதுமூடிக்காக நான் நாலு கடை ஏறி இறங்கி, டெசிபெல் கணக்குப் பார்த்து வாங்கியிருந்தேன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு துவக்குச் சத்தத்தைப் பக்கத்தில் கேட்டதில்லை. களிமண் திடலிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போன நாளிலும், கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் கண்ணாடியை ஏற்றினேன் என்று என்னை நானே கேட்டிருக்கலாம்.

நெடுநேரம் எதுவும் வரவில்லை. மதுரா கல்லுப்போல் இருந்தாள். அப்படியொரு அமைதியை அவள் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு, வேலிக்கு மேலாக ஒரு புறா வந்தது. இறக்கையை விரித்து, வேகத்தைக் குறைத்து, அந்த வெற்றிடத்தை நோக்கிச் சறுக்கியது. கிரகாம் தலையை மட்டும் அசைத்தார். மதுரா எழுந்து, துவக்கைத் தோளில் பதித்து, சுட்டாள்.

அடுத்து நடந்ததைச் செய்தது நான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பங்கும் இருந்ததாக நினைவில்லை. சத்தம் கேட்டதும் என் உடம்பு என்னைக் கேட்காமல் பாய்ந்தது. பேத்தியின் தோளைப் பின்னாலிருந்து பிடித்து நிலத்தோடு இழுத்து, அவள்மேல் குப்புற விழுந்து, தலையை என் கையால் மூடி, "படு! படு!" என்று கத்தினேன்.

விழும்போது அவள் விரல் விசையில் இருந்தது. இரண்டாவது குழலும் வெடித்தது. நல்ல காலமாகத் துவக்கு வயல் பக்கமே பார்த்திருந்தது. முன்வரிசையில் நின்ற பிளாஸ்டிக் புறா ஒன்று தலையில்லாமல் பறந்தது. கம்புகள் சரிந்தன. வலை முழுவதும் எங்கள் மூவர் மேலும் விழுந்தது. பிளாஸ்க் உடைந்து தேத்தண்ணீர் என் முதுகில் ஓடியபோது, காயம் பட்டுவிட்டது என்றே நம்பினேன்.

சுடும் ஆளை எவரும் தொடக் கூடாது.

வலைக்குள்ளிருந்து முதலில் வந்தது கிரகாமின் கை. அது துவக்கை மெதுவாக வாங்கியது. மடித்துத் திறந்து, வெற்றுத் தோட்டாக்களை எடுத்துவிட்டு, துவக்கை உறைக்குள் போட்டது. பிறகுதான் அவர் பேசினார். "யாருக்காவது அடி பட்டதா?" இல்லையென்றோம். "நல்லது. இன்றைக்கு இது போதும் என்று நினைக்கிறேன்."

அவர் திட்டியிருக்கலாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மூன்று பக்க அறிக்கை எழுதியிருப்பேன்.

பொய்ப்புறாக்களைப் பொறுக்கப் போனவர் திரும்பி வரும்போது ஒரு கையில் உண்மையான புறா இருந்தது. "ஒரே வெடியில், சுத்தமாக," என்று மதுராவின் கையில் வைத்தார். அவள் அதன் சூடு ஆறாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள்.

"எப்போது விழுந்தது?" என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தெரியவில்லையே," என்றார் கிரகாம். "நான் வலைக்குள் இருந்தேன்."

காரில் அவள் புறாவை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் இருந்தாள். நோர்பரி ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டும்போதுதான் மதுரா தமிழில் கேட்டாள். "அம்மப்பா, என்ன நடந்தது?"

"முக்காலி சறுக்கிட்டுது," என்றேன்.

வாழ்நாள் முழுவதும் விபத்து அறிக்கைகளில் பொய்க் காரணம் எழுதியவர்களைப் பிடித்த அதிகாரி, ஒரு வினாடிகூட யோசிக்காமல் முக்காலியின்மேல் பழியைப் போட்டான்.

அன்று இரவு மனோ புறாவைக் குழம்பு வைத்தாள். சுட்டதைச் சாப்பிட வேண்டும் என்பது கிரகாம் சொல்லிக்கொடுத்த விதி. சாப்பாட்டு மேசையில் நான் முக்காலிக் கதையைச் சுகந்திக்குச் சொன்னேன். முக்காலியின் கால், ஈரமண், சாய்வுக் கோணம் என்று தொழில்நுட்ப விவரங்களோடு. மனோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. சத்தத்துக்குப் பாய்ஞ்சனீங்களோ?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அப்ப பாய்ஞ்சிருக்கிறியள்!" அவள் சிரிக்கத் தொடங்கினாள். தன் இடது மணிக்கட்டைத் தூக்கி மதுராவுக்குக் காட்டினாள். "இது ஏன் கோணலாக் கிடக்கு தெரியுமே? கலியாணம் கட்டின புதுசு. வாசலில நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறம். டமார் எண்டு ஒரு சத்தம். இந்த மனுசன் என்னைத் தூக்கிக் கிணத்தடியில எறிஞ்சுபோட்டு மேல விழுந்தார். கை முறிஞ்சு போச்சு."

"ஷெல்லா, அம்மம்மா?"

"ஷெல்லோ! கோயில் திருவிழா வெடி. சாமி வெளிக்கிட்டிருக்கு."

சுகந்திகூடச் சிரித்துவிட்டாள். மதுரா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல? நான் ஏதோ பிழையாப் பிடிச்சிட்டன், அதுதான் நீங்கள் என்னை இழுத்தது எண்டு வழி முழுக்க நினைச்சுக்கொண்டு வந்தன்."

நான் என் மானத்தைக் காப்பாற்றிய அந்த ஒன்றரை மணி நேரமும், பின் இருக்கையில் அவள் தன் கையைக் குற்றவாளியாக்கி விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த கிழமை கிரகாம் செய்தி அனுப்பினார். மதுரா எப்போதும் வரலாம். மறைவு மட்டும் இரண்டு பேருக்கானது என்பதை மரியாதையாகக் குறிப்பிட்டிருந்தார். நான் காரிலேயே இருக்கிறேன், காதை அடைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று சுகந்தியிடம் மன்றாடினேன்.

"அப்பா, நீங்கள் கூட இருந்தே அவளின்ர துவக்கு வெடிச்சது. இனித் தனிய அனுப்பச் சொல்லுறியளே? ஏலாது."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. என் மகள்தான்.

கிரகாம் ஒரு மாதம் பொறுத்திருந்தார். பிறகு, தன் கிளினிக்கில் வேலை செய்யும் ஒருவரின் மகனுக்கு அந்த இருக்கையைக் கொடுத்தார். மதுரா அதை எங்களுக்குச் சொன்னபோது தோளை மட்டும் குலுக்கினாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே துவக்குச் சுடும் கிளப் இருக்கிறதாம், சேரலாமே என்று நான் கேட்டுப் பார்த்தேன். நேரமில்லை என்றாள். நேரம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

கதை மட்டும் நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மனோ ரோல்ஸ் தட்டோடு அதையும் பரிமாறுவாள். அவளுடைய பதிப்பில் இப்போது நான் பாய்ந்த தூரம் நாலு மடங்காகிவிட்டது, தேத்தண்ணீரை இரத்தமென்று நினைத்து நான் முருகனிடம் பாவமன்னிப்புக் கேட்கிறேன், பிளாஸ்டிக் புறாவுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் நடக்கிறது. கதவை யாராவது அடித்துச் சாத்தினால் முழு வீடும் ஒரே குரலில் "படுங்கோ!" என்று கத்தும். நானும் சேர்ந்து கத்துவேன்.

சிரிப்பு அடங்கியதும் வந்த விருந்தாளிகளில் யாராவது ஒருவர் கேட்பார்: "அப்ப, உண்மைப் புறா விழுந்ததோ, இல்லையோ?"

விடுமுறைக்கு வந்து நிற்கும் மதுராவை எல்லாரும் பார்ப்பார்கள்.

"விழுந்தது," என்பாள். "நான்தான் பாக்கேல்ல."

அந்த இடம் வரும்போது, எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட நான் எழுந்து போய்விடுவேன்.