வரிசையில் முதலில் நின்ற பட்டியல்

அரைகுறையாகத் தெரிந்த வேலையை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். நான் அதைப் பெரிய மனிதர்கள் சூழ நிற்கும்போது செய்தேன்.

பழவேற்காடு ஏரியில் இறால் வலை கட்ட எங்கள் குப்பத்தில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்த நாள் யார் எந்த இடத்தில் இறங்குவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்கான பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாக அந்த வருடம் நான் வாயை விட்டேன். (பொன்னேரியில் ஆறு மாத கோர்ஸ் முடித்த திமிர். சான்றிதழை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருந்தேன்.)

நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எங்கள் ஊரில் ஏழுமலை மட்டுமே நாலு பேர் என்பதால், அடையாளத்துக்குப் பட்டப்பெயரையும் சேர்த்தே சொன்னார். ஊளமூக்கு வேலு, பொண்டாட்டிதாசன் முருகேசன், வெறும்வலை ஏழுமலை. இந்தக் கடைசி ஆள் நைனாவோடு ஒரே படகில் போகிறவர். எனக்கு மாமா முறை. அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நைனாதான். ஊருக்கே தெரியும், ஏழுமலை மாமாவைத் தவிர.

சரிபார்க்க ஒரு பிரதி பிரிண்ட் கொடுத்தேன். வரவில்லை. சரி, போகட்டும் என்று பட்டப்பெயர்களை எடுத்துவிட்டு, இனிஷியல் போட்டு, நல்ல பட்டியலைக் கொடுத்தேன். அதுவும் வரவில்லை. விடுவேனா? பதினோரு முறை அழுத்தினேன். அதற்குள் பட்டியலை வாங்க நாலைந்து பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், ஏழுமலை மாமா உட்பட.

“இன்னாடா, மிசினு மொறைக்குது?” என்றார் மாமா.

“க்யூ அடைச்சிக்கிச்சி மாமா. ரெண்டே நிமிசம்.”

பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். (காத்திருக்கும் பிரிண்டுகளை முதலில் ரத்து செய்ய வேண்டுமாம். நான் லீவு போட்ட அன்று நடத்தியிருப்பார்கள்.) கடகடவென்று சத்தம் வந்தது. “பாத்தீங்களா!” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வந்த தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் மாமாவின் கையில் கொடுத்தேன். வரிசையில் முதலில் நின்றதுதானே முதலில் வரும்!

எட்டிப் பார்த்த வேலு தன் பட்டப்பெயரைக் கண்டு சிரித்தார். அவருக்கு அது பழகிய பெயர். மாமாவின் விரல் ஓர் இடத்தில் நின்றது. பின்னால் நல்ல பட்டியல் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தது.

“இன்னா மச்சான், ஊர்ல எம்பேரு இதுவா?” என்று நைனாவைக் கேட்டார்.

நைனா கீழே விழுந்த தாள்களைப் பொறுக்கக் குனிந்தார்.

“நான்தான் மாமா, வெளாட்டுக்கு அடிச்சேன்” என்றேன்.

“சின்னப் பையன், வுடு மச்சான்” என்று மாமா நைனாவைத் தேற்றினார்.

அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக ரொம்ப நாள் பெருமைப்பட்டிருக்கிறேன், முட்டாள். நான் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் நைனா அன்றே மன்னிப்புக் கேட்டிருப்பார், விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

இப்போது மூட்டுவலி வந்து நைனா ஏரியில் இறங்குவதில்லை. நல்ல இறால் பட்ட நாட்களில் மாமா ஒரு பையோடு எங்கள் வாசலில் நின்று குரல் கொடுப்பார்: “எக்கா, வெறும்வலை வந்துகீறேன்! சட்டி எடுத்தா!” அம்மா சிரிப்பார், என் மனைவி சிரிப்பாள், என் மகளுக்கு அவர் வெறும்வலைத் தாத்தா. நைனா மட்டும் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். அன்று இறால் குழம்பை அவர் தொடுவதில்லை. கேட்டால், ரசம் போதும் என்பார்.