இளவரசர் ஆசி வாங்க மறந்த நாள்

பிராகாவில் வசிக்கும் அன்பு மாப்பிள்ளை பெல்மிரோவுக்கு, கிமராயிஸ் நகரத்திலிருந்து உங்கள் மைத்துனன் செஃபெரினோ, ஒரு எழுத்துக்கும் பிறர் உதவி கேளாமல், தன் சொந்தக் கையால் எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீங்களும் என் தங்கை தியோலிந்தாவும் உங்கள் கோழிகளும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

மாலை வகுப்பு டீச்சர் எனக்கு எழுத்தறிவித்ததைத் தங்கை சொல்லியிருப்பாள். இப்போது கடைப் பலகை, மருந்துப் புட்டி, பேருந்தின் நெற்றி, எதையும் விடுவதில்லை. 'இங்கே துப்பாதீர்' என்பதைக்கூட இரண்டு முறை படித்து மகிழ்கிறேன். ஊர் மதிலில் 'போர்ச்சுகல் இங்கே பிறந்தது' என்று பெரிதாக இருப்பதைக் கழுத்து வலிக்க நானே படித்துவிட்டேன். "உங்க ஊரு நேத்து மொளைச்சது, எங்க பிராகா ரோமாக்காரன் காலத்துது" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் தட்டில் உப்பு மீனை வைத்துக்கொண்டே சொல்வீர்களே, உங்கள் மதிலில் என்ன எழுதியிருக்கிறது? வந்து படித்துச் சொல்லவா?

செய்தி இதுதான். இளவரசர் அஃபொன்சோ தன் தாய் தெரேசாவுக்காக வடக்கே கலீசியாவிலிருந்து வந்த படையை முறியடித்து நாட்டைப் பிறப்பித்த போரை, புனித யோவான் திருநாளன்று கோட்டைக்குக் கீழே நடித்துக் காட்டினோம். முடிவில் அறிக்கை வாசிக்கும் வேலை எனக்கு. ஊரார் முன்னால் நான் படிக்கும் முதல் காகிதம் அது. தாய் தெரேசாவாக நடித்தவள் சோளரொட்டி சுட்டு விற்கும் குஸ்தோதியா. மகனாக அவள் சொந்த மகன் வித்தோரினோவையே போட்டார்கள், முகச்சாயல் பொருந்தும் என்று. அங்கேதான் கெட்டது.

போர் நன்றாகத்தான் போனது. கலீசியர்கள் சொன்னபடி செத்து விழுந்தார்கள், சிலர் மத்தி மீன் சுடும் அடுப்புப் பக்கமாகப் பார்த்து விழுந்தார்கள். வித்தோரினோ வாளை ஓங்கிக்கொண்டு தாயை நெருங்கினான். அவள் இடுப்பில் கைவைத்து, "காலைல ஆசி வாங்காம ஏண்டா வெளிய போனே?" என்றாள். அம்மாவின் கையை முத்தமிட்டு ஆசி கேட்காமல் வாசல் தாண்டுகிறவன் நம் பக்கத்தில் உண்டா, மாப்பிள்ளை?

"சண்டை முடியட்டும்மா, ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

வாளைக் கீழே வைத்தான், தலைக்கவசத்தைக் கழற்றினான், மண்டியிட்டான். செத்துக்கிடந்த கலீசியர்கள் இதுதான் சமயம் என்று எழுந்து அவனைக் கட்டிப்போட்டார்கள்.

நாடு பிறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு ஆளாயிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான். எனக்குத் தெரிந்தது எழுதியிருப்பதைப் படிப்பது மட்டும். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, 'இன்று இங்கே ஒரு நாடு பிறந்தது' என்று படித்தேன். ஒரு சொல்லும் இடறவில்லை. கூட்டத்தில் யாரோ, "அம்மா ஜெயிச்சா நாடு எப்படிப் பெரியவரே பொறக்கும்?" என்று கேட்க, குஸ்தோதியா திரும்பி, "அம்மா இல்லாம எதுடா பொறந்திருக்கு?" என்றாள்.

முரசுகள் முழங்கின, தொப்பிகள் பறந்தன. கட்டுண்ட இளவரசருக்கு அவளே மத்தி மீனை முள் எடுத்து ஊட்டினாள். நான் அறிக்கையை இன்னொரு முறை படித்தேன், யாரும் கேட்காமலே.

ஆகவே நாடு பிறந்த ஊர் எங்களுடையதுதான். தங்கைக்கு என் ஆசி. பிராகாக்காரர் என்றாலும் உங்களுக்கு என் அணைப்பு.

மதில் எழுத்துகளைப் படித்த
செஃபெரினோ

பின்குறிப்பு: இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டப்போகும் பங்குச் சாமிக்கு. சாமி, எங்கள் இளவரசர் அம்மாவிடம் தோற்றது தெரிந்தால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளையின் கேலியில் எனக்கு மீன் இறங்காது. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, மறுபடி எழுத விரலில் தெம்பில்லை. மகன் ஜெயித்தான் என்றே வாசித்துவிடுங்கள். தாங்களும் பிராகாக்காரர் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.