மூன்று குப்பி, நான்கு பங்கு

போவுவா, மார்ச் 9

அன்புள்ள இசவுராவுக்கு,

பெரியம்மா எத்தெல்வினா எழுதுவது. நான் நலம். லியோனில் நீயும் நலமென்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். ஏனெனில் உன் சகோதரர்கள் மூவரும் நலமாக இல்லை, புத்தியிலும்.

உன் அப்பாவை முப்பத்தெட்டு வயதில் கொண்டுபோன கால்நோய் உன்னை மட்டும் விட்டுவிட்டு மூவருக்கும் இறங்கியிருப்பது உனக்குத் தெரியும். கல்லீரல் செய்யும் ஒரு புரதம் பிரிந்து, தப்பாக மடிந்து, நரம்பில் வண்டலாகப் படிகிறது. அது பிரியாமல் பிடித்துவைக்க, கடைகளிலிருந்து எப்போதோ மறைந்துபோன மூட்டுவலி மாத்திரை ஒன்று உதவுமா என்று போர்த்தோவில் ஆராய்கிறார்கள். சிலர் குப்பியில் மருந்து, சிலர் குப்பியில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மூவருக்கும் அதில் இடம் வாங்க நான் ஏறி இறங்கிய படிகளைச் சொல்லப்போவதில்லை. இந்த மேதைகள் செய்ததைக் கேள்: மூன்று குப்பியையும் சூப்புப் பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, படகில் மீன் பங்கு பிரிப்பதுபோலப் பிரித்திருக்கிறார்கள். கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு பங்கு என்பது நம் வழக்கமல்லவா, அது தியோலிந்தாவுக்குப் போயிருக்கிறது! பிப்ரவரியில் அவளுடைய முழங்கால் வலி மறைந்து, மாதா கோயில் படிகளை ஓட்டமாக ஏறினாள். போன செவ்வாய் நர்ஸ், "ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்க, உன் பெரியண்ணன் ஃபிர்மினு நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணுகூட வீணாகல சிஸ்டர். நாலு பங்கா, நூல் பிடிச்ச மாதிரி பிரிச்சோம்" என்றான். அன்றே மூவரையும் ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"மடையா, அவனவன் குப்பியை அவனவன் சாப்பிட்டிருந்தா ஒருத்தனாவது பிழைச்சிருப்பானே!" என்று கத்தினேன்.

"எந்த ஒருத்தன், பெரியம்மா?" என்றான்.

முப்பத்தோர் ஆண்டு வேதியியல் கற்பித்த நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

ஆகவே நீ டாக்டருக்கு எழுது. கடைசித் தம்பி அபீலியுவுக்கு இருபத்தொன்பது வயது. மரத்துப்போவது இன்னும் பாதத்தைத் தாண்டவில்லை. அவனையாவது திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல். உருக்கமாக எழுது, எனக்கு அது வராது.

உன் மாமியாருக்கு என் மரியாதை. உன் பிள்ளைகளுக்கு ஆசி, கேட்டால் மட்டும்.

எத்தெல்வினா

பி.கு.: டாக்டருக்கு எழுத வேண்டாம். இன்று காலை அவரே கூப்பிட்டார். எந்தக் குப்பியில் என்ன இருந்தது என்று ரகசியப் பதிவைப் பிரித்துப் பார்த்தார்களாம். இரண்டில் மாவு, அபீலியுவினுடையதில் மட்டும் மருந்து. தனி அனுமதி வாங்கி அவனுக்குத் தொடர்ந்து தருவாராம். படகுத்துறைக்கே போய் அவனிடம் சொன்னேன். "அண்ணனுங்க பார்த்துக்கிட்டு இருக்க, நான் மட்டும் முழுங்கணுமா? போங்க பெரியம்மா" என்று சொல்லிப் படகேறினான். வலது பாதம் பலகையில் பட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் இடது காலைத் தூக்கினான்.